வேகவைக்காத எனர்ஜி உருண்டை: உலர் பழமும் நட்ஸும் வைத்துச் செய்ய முழுமையான வழிகாட்டி

எனர்ஜி உருண்டையில் சமையல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பேரீச்சையை மசித்து, நட்ஸைப் பொடித்து, இரண்டையும் பிசைந்து உருட்டினால் முடிந்தது. ஆனாலும் ஒரே அளவுகளை வைத்துச் செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்கு உருண்டை பொலபொலவென உதிர்கிறது, இன்னொருவருக்குக் கையை விட்டு வரமாட்டேன் என்கிறது. வித்தியாசம் பெரும்பாலும் பழத்தின் ஈரத்தில்தான் இருக்கிறது. ஒரு பாக்கெட் பேரீச்சை போல இன்னொரு பாக்கெட் இருப்பதில்லை. அதனால் இந்தப் பலகாரத்துக்கு கிராம் கணக்கு ஒரு தொடக்கம் மட்டுமே. பதம் பார்க்கத் தெரிந்துவிட்டால் எந்தப் பழத்தையும் எந்த நட்ஸையும் வைத்துச் செய்யலாம்.

எது ஒட்டுகிறது, எது ஒட்டவிடாமல் செய்கிறது

பல உலர் பழங்களில் எடையில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ சர்க்கரை. மெஜூல் வகைப் பேரீச்சையில் 100 கிராமுக்குச் சுமார் 66 கிராம். அந்தச் சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் நிறைய இருப்பதால், பழத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கெட்டியான பாகு போல வேலை செய்கின்றன. பழத்தின் நாரும், பெக்டின் என்ற கூழ் போன்ற பொருளும் அதற்குத் துணை. பசை என்று தனியாக எதுவும் தேவைப்படாதது இதனால்தான்.

நட்ஸின் கதை நேர் எதிர். பாதாமில் எடையில் பாதி எண்ணெய். அந்த எண்ணெய் பருப்புக்குள்ளேயே இருக்கும்வரை தொல்லை இல்லை. அளவுக்கு மீறி அரைத்தால் எண்ணெய் வெளியே வந்து பழத்தின் மேல் படிந்துவிடும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் கலவை வழுக்கும். அரைத்துக்கொண்டே போனால் நட் பட்டர்தான் கிடைக்கும். உருண்டைக்கு நமக்கு வேண்டியது கொரகொரப்பான பொடி.

பழத்தைத் தேர்ந்தெடுப்பது

அடிப்படைக்குப் பேரீச்சையை விடச் சிறந்தது கிடையாது. மெஜூல் சதைப்பற்று மிக்கது, மென்மையானது, அப்படியே மசியும். டெக்லெட் நூர் என்ற வகை மெலிதாக, கொஞ்சம் உலர்வாக இருக்கும். விலை குறைவு என்பதோடு, கலவை பிசுபிசுக்காமல் இருக்கும் என்பதும் அதன் அனுகூலம். கொட்டை எடுத்து விற்கும் பேரீச்சையாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் விரலால் பிளந்து பார்த்துவிடுங்கள். தப்பித்த ஒரு கொட்டை பிளேடையும் பல்லையும் உடைக்கும். உள்ளே கரும்பொடி போலப் பூஞ்சை இருக்கிறதா, பூச்சி இருந்த தடம் தெரிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தோலின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பழத்திலிருந்து வெளியேறிய சர்க்கரை. சற்றுச் சூடு காட்டினால் கரைந்துவிடும். பஞ்சு போல மேலெழும்பி இருந்தாலோ புளித்த வாசனை வந்தாலோ தூக்கிப் போடுங்கள்.

அத்திப்பழம் நன்றாக ஒட்டும், அதன் விதைகள் நறநறவென்று கடிபடும், சிலருக்கு அது பிடிக்காது. உலர் திராட்சை தனியாக நின்றால் அநியாயத் தித்திப்பு. பேரீச்சையில் கால் பங்குக்குப் பதிலாகச் சேர்த்தால் நன்றாக இருக்கும். ஆப்ரிகாட் புளிப்பைக் கொடுக்கும். பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருப்பது கந்தக டைஆக்ஸைடு காட்டியது, அது காட்டாதது பழுப்பாகவும் அழுத்தமான சுவையோடும் இருக்கும். அப்படிக் காட்டியதில் தங்கும் சல்ஃபைட் ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் பாக்கெட்டைப் படித்துப் பார்ப்பது நல்லது. ப்ரூன் எனப்படும் உலர் பிளம்ஸ் ஈரமும் கருமையும் கூடியது, கோகோவோடு நன்றாகச் சேரும். அதில் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் உண்டு, வயிற்றை இளக்கும், எனவே கணக்காகப் போடுங்கள். கிரான்பெர்ரி பெரும்பாலும் சர்க்கரை சேர்த்தே உலர்த்தப்படுகிறது.

புதுப் பழத்தை மட்டும் இதற்குள் கொண்டுவராதீர்கள். மசித்த வாழைப்பழம் சேர்த்தால் நன்றாக ஒட்டும் என்று சொல்வார்கள். ஒட்டும், ஆனால் உருண்டை ஒரு வாரம் தாங்குவதற்குப் பதில் ஃப்ரிட்ஜில்கூட இரண்டு மூன்று நாள்தான் தாங்கும்.

நட்ஸ், விதைகள்

முந்திரி மாவுச்சத்து மிக்கது, கடித்தால் கிரீம் போலக் கரையும், கலவையை மிருதுவாக்கும். பாதாம் உறுதியைக் கொடுக்கும். இரண்டும் பாதிப்பாதி என்பது எனக்குப் பிடித்த கணக்கு. வால்நட்டின் தோலில் துவர்ப்பு இருக்கிறது. பேரீச்சையின் தித்திப்பை மட்டுப்படுத்த அது உதவும். ஆனால் அதன் எண்ணெய் சீக்கிரம் காறல் அடிக்கும் வகை. வாங்கியதும் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். பழைய பெயின்ட் போல வாடை வந்தால் அதை எந்த ஏலக்காயாலும் மறைக்க முடியாது. வேர்க்கடலை மலிவு, சுவையில் எதற்கும் குறைந்ததில்லை.

விதைகளில் எள், பூசணி, சூரியகாந்தி மூன்றும் அப்படியே சேரும். ஆளி விதையைப் பொடித்துத்தான் போட வேண்டும், முழுதாகப் போட்டால் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறிவிடும். சியா விதை தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுக்கும். ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போட்டால் மறுநாள் உருண்டை வறண்டு வெடித்திருக்கும்.

அளவு

20 கிராம் எடையில் சுமார் 20 உருண்டைகளுக்கு:

- கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம்
- பாதாம் 100 கிராம்
- முந்திரி 100 கிராம்
- எள் 2 மேசைக்கரண்டி
- பட்டைத் தூள் அரை தேக்கரண்டி
- உப்பு கால் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக

பழமும் நட்ஸும் எடைக்கு எடை சமம் என்பதுதான் இதில் நினைவில் வைக்க வேண்டியது. கப் கணக்கில் அளந்தால் இந்தச் சமன் கெட்டுவிடும். அமுக்கி வைத்த பேரீச்சையும் தளர்வாகக் கொட்டிய பேரீச்சையும் ஒரே கப்பில் வேறு வேறு எடை. சின்ன எடைத் தராசு இருந்தால் எடுங்கள். உப்பை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத உருண்டை வெறும் தித்திப்பாகத்தான் இருக்கும்.

செய்முறை

முதலில் வறுவல். வேகவைக்காத பலகாரம் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். வறுக்காமலும் செய்யலாம், சுவை பாதிதான் கிடைக்கும். அடிகனமான வாணலியில் பாதாமைச் சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் கிளறிக்கொண்டே வறுங்கள். ஒன்றை நறுக்கிப் பார்த்தால் உள்ளே வெளிர் பழுப்பு நிறம் வந்திருக்க வேண்டும். முந்திரிக்கு 4, 5 நிமிடம் போதும், இரண்டையும் சேர்த்து வறுத்தால் பாதாம் பச்சையாக இருக்கும்போதே முந்திரி கருகிவிடும். எள் படபடவென்று பொரியத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் தட்டில் பரப்பி முழுதாக ஆறவிடுங்கள். மொறுமொறுப்பு ஆறும்போதுதான் வரும். சூடாகவே அரைத்தால் எண்ணெய் உடனே பிரிந்துவிடும். அவசரப்படுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வறுத்த நட்ஸுக்கு ஒரு பலவீனம் உண்டு. பச்சை நட்ஸை விட அது விரைவில் காறல் அடிக்கும். மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிடுவதாக இருந்தால் லேசாக மட்டும் வறுங்கள்.

ஆறிய நட்ஸை மிக்ஸி ஜாரில் பாதிக்கு மேல் போகாமல் போட்டு, இரண்டு விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஓட்டுங்கள். இப்படி ஆறேழு தடவை விட்டு விட்டு ஓட்டினால் போதும். மூன்றில் ஒரு பங்கு மிளகு பருமனில் துண்டுகளாகவும் மீதி கொரகொரப்பான பொடியாகவும் இருந்தால் சரியான பதம். எல்லாம் மாவாகிவிட்டால் உருண்டை மென்மையாக வரும், ஆனால் கடிக்க ஒன்றும் இருக்காது. பொடியைத் தனிப் பாத்திரத்தில் கொட்டிவிடுங்கள், ஒரு கைப்பிடியை மட்டும் ஜாரிலேயே விட்டு வையுங்கள்.

அந்தக் கைப்பிடிப் பொடியோடு, சிறு துண்டுகளாக நறுக்கிய பேரீச்சையைச் சேர்த்து ஓட்ட வேண்டும். வெறும் பேரீச்சையை மட்டும் போட்டால் அது ஒரே பந்தாகத் திரண்டு பிளேடின் மேல் உட்கார்ந்துகொண்டு சுற்றும், மோட்டார் திணறும். பொடி கலந்திருந்தால் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அரைபடும். 100 கிராம் 100 கிராமாகப் பிரித்து அரையுங்கள். மிக்ஸி சூடான வாசனை வந்தால் நிறுத்தி ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். ஃபுட் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, அகலமான கிண்ணத்தில் ஒரே தடவையில் வேலை முடியும்.

எந்த இயந்திரமும் இல்லையென்றால் கத்தியும் இடிகல்லும் போதும். கத்தியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டு பேரீச்சையைப் பொடியாக நறுக்கி, பிறகு இடித்து மசியுங்கள். நட்ஸைக் கெட்டியான துணியில் முடிந்து உருட்டுக்கட்டையால் தட்டலாம். நேரம் எடுக்கும், ஆனால் இப்படிச் செய்த உருண்டையின் கடி மிக்ஸியில் செய்ததில் வராது.

பேரீச்சை விறைப்பாக இருந்தால் அரைப்பதற்கு முன் நீராவியில் ஐந்து நிமிடம் வைத்தெடுங்கள். வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, வடிகட்டி, துணியில் ஒற்றியெடுத்தும் பயன்படுத்தலாம். ஆனால் ஊறவைக்கும்போது பழம் இழுத்துக்கொள்ளும் தண்ணீர் உருண்டையின் ஆயுளைக் குறைக்கும். நான் நீராவியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இப்போது அகலமான பாத்திரத்தில் மசித்த பழம், நட்ஸ் பொடி, எள், பட்டை, உப்பு எல்லாவற்றையும் போட்டுக் கையால் பிசையுங்கள். கரண்டியால் கிளறினால் உலர்ந்த பொடி ஒரு பக்கமும் பேரீச்சைக் கட்டி ஒரு பக்கமுமாக நிற்கும். உள்ளங்கைச் சூடு பட்டுப் பிசையும்போதுதான் பழம் இளகி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

பதம் பார்ப்பது

ஒரு பிடி எடுத்து முஷ்டியில் இறுக்கி, கையை விரித்துப் பாருங்கள். விரல் தடம் பதிந்த ஒரே கட்டியாக நின்று, உள்ளங்கையில் ஒட்டாமல் வந்தால் பதம் சரி. கட்டை விரலால் அழுத்தும்போது ஓரத்தில் மெல்லிய கீறல் விழுவது பரவாயில்லை.

கையை விரித்ததும் உதிர்ந்தால் கலவை வறண்டிருக்கிறது. இரண்டு பேரீச்சையை மசித்துச் சேருங்கள், அல்லது ஒரு தேக்கரண்டி தேனோ நட் பட்டரோ போடுங்கள். தண்ணீர் கடைசி வழி, அதுவும் அரை தேக்கரண்டி அரை தேக்கரண்டியாக. ஒவ்வொரு தடவையும் நன்றாகப் பிசைந்த பிறகே அடுத்ததைச் சேருங்கள். இந்தக் கலவையில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் செய்யும் வேலை நினைப்பதை விட அதிகம்.

உள்ளங்கையில் அப்பிக்கொண்டால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். லேசாக வறுத்துப் பொடித்த ஓட்ஸ் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து, 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஓட்ஸ் ஈரத்தை இழுக்க நேரம் எடுக்கும், போட்டதும் சரியாகவில்லையே என்று மேலும் மேலும் கொட்டினால் மறுநாள் கல்லாகிவிடும். கோகோ தூளும் இப்படி ஈரத்தை உறிஞ்சும். எனவே கோகோ உருண்டை செய்யும்போது அடிப்படைக் கலவையைச் சற்று ஈரமாகவே விடுங்கள்.

கை பளபளவென்று எண்ணெயாக இருந்து, கட்டியும் வழுக்கிப் பிளந்தால் நட்ஸ் அதிகம் அரைபட்டிருக்கிறது. இதை முழுதாகத் திருத்த முடியாது. ஓட்ஸ் பொடி கொஞ்சம் சேர்த்து, குளிரவைத்து, உருண்டைக்குப் பதிலாகத் தட்டில் அழுத்திப் பரப்பித் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். சுவையில் குறை இருக்காது.

உருட்டுவது

பதம் வந்த கலவையை 20 முதல் 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் உருட்டுவது எளிது. ஒரு மேசைக்கரண்டியில் தலைதட்டி எடுத்தால் ஏறக்குறைய 20 கிராம் வரும். முதலில் முஷ்டியில் வைத்து இறுக்கமாகப் பிடியுங்கள், அதற்கப்புறம் இரு உள்ளங்கைக்கு நடுவே உருட்டுங்கள். எடுத்த எடுப்பிலேயே உருட்டினால் உள்ளே காற்று நின்று பிறகு வெடிக்கும். கையில் ஒட்டாமலிருக்க ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கையை ஈரமாக்கிக்கொண்டும் உருட்டலாம், அன்றே சாப்பிட்டு முடிப்பதானால்.

மேலே பூசுவது வெறும் அழகுக்கு இல்லை, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கவும் அது உதவும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் கோகோ தூளோ பொடித்த சர்க்கரையோ பூசினால் சில மணி நேரத்தில் ஈரத்தை இழுத்துச் சேறு போலாகும். வறுத்த எள், பிஸ்தா பொடி, உலர் தேங்காய்த் துருவல் இவை நிற்கும்.

சுவை மாற்றங்கள்

பேரீச்சையில் கால் பங்கை ஆப்ரிகாட்டாக மாற்றி, ஆரஞ்சுத் தோல் துருவல் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் தித்திப்பு குறைந்து புளிப்பும் மணமும் ஏறும். முந்திரிக்குப் பதில் வால்நட், அதோடு இரண்டு மேசைக்கரண்டி கோகோ, அரைத் தேக்கரண்டி காபித் தூள் என்று போனால் சாக்லேட் பிரியர்களுக்குப் பிடிக்கும். அத்தி, பிஸ்தா, ஏலக்காய் மூன்றும் ஒன்றுக்கொன்று நன்றாகப் பொருந்தும். நட்ஸ் அலர்ஜி உள்ளவர்களுக்கு மொத்த நட்ஸையும் பூசணி, சூரியகாந்தி விதைகளாக மாற்றலாம். ஆனால் ஜார், பலகை, கரண்டி எல்லாவற்றையும் முதலில் நன்றாகக் கழுவ வேண்டும், விதை பாக்கெட்டில் நட்ஸ் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

புரோட்டீன் பவுடர் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஸ்கூப்புக்கு மேல் போனால் உருண்டை சுண்ணாம்பு போல வாயில் ஒட்டும். எனக்கு அதில் விருப்பமில்லை, நட்ஸிலேயே போதுமான புரதம் இருக்கிறது.

சத்துக் கணக்கு

எனர்ஜி என்ற சொல்லைக் கேட்டு ஏதோ சிறப்புச் சக்தி என்று எண்ண வேண்டாம், இங்கே அதன் பொருள் கலோரி. மேலே சொன்ன அளவில் ஒரு உருண்டைக்குச் சுமார் 85 கலோரி, 7 கிராம் சர்க்கரை, 2 கிராமுக்குச் சற்று அதிகமான புரதம் வரும். மூன்று சாப்பிட்டால் 250 கலோரியைத் தாண்டும். மலையேற்றத்துக்கோ நீண்ட சைக்கிள் பயணத்துக்கோ இடையில் அது பொருத்தமான தீனி, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொள்வதற்கு அல்ல. சர்க்கரை சேர்க்கவில்லை என்பதும் சர்க்கரை இல்லை என்பதும் ஒன்றல்ல. நாரும் கொழுப்பும் சேர்ந்திருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் கலக்கும் வேகம் மிட்டாயை விடக் குறையும், அவ்வளவுதான். நீரிழிவு உள்ளவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

பாதுகாப்பு

வேகவைக்காத உணவில் கிருமியைக் கொல்லும் கட்டம் எதுவும் இல்லை. அதனால் உள்ளே போகும் பொருள் முதலிலேயே நம்பகமாக இருக்க வேண்டும். கலவை இறுக வேண்டும் என்று பச்சைக் கோதுமை மாவோ மைதாவோ சேர்க்கவே கூடாது, சால்மொனெல்லாவும் ஈ.கோலியும் பச்சை மாவில் இருக்கக்கூடும். நட்ஸும் விலக்கல்ல. 2000களின் தொடக்கத்தில் பச்சைப் பாதாம் வழியாக சால்மொனெல்லா பரவிய பிறகுதான், கலிபோர்னியா பாதாமைக் கிருமிநீக்கம் செய்யும் விதி 2007இல் அமெரிக்காவில் வந்தது.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் சேர்த்தது எதையும் கொடுக்காதீர்கள், அதில் பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நட்ஸ் துண்டுகளும், பிசுபிசுப்பான முழு உருண்டையும் தொண்டையில் சிக்கக்கூடும். நட்ஸை நைசாகப் பொடித்து, சிறு சிறு துண்டுகளாக்கி, உட்காரவைத்து, பக்கத்திலேயே இருந்து கொடுங்கள்.

எத்தனை நாள் வைக்கலாம்

உணவில் கிருமிகள் பயன்படுத்தக்கூடிய நீர் எவ்வளவு இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரையிலான அளவில் குறிப்பார்கள். 0.85க்குக் கீழே நோய் தரும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வளராது, 0.60க்குக் கீழே எந்தக் கிருமியும் வளராது. உலர் பழமும் நட்ஸும் மட்டும் சேர்ந்த கலவை இந்த அளவில் தாழ்வாகவே நிற்கும். இத்தனை தித்திப்பான பொருள் வெளியில் வைத்தும் சீக்கிரம் கெடாமல் இருப்பது இதனால்தான். தண்ணீரோ பாலோ பழச்சாறோ சேர்த்தால் அந்த எண் ஏறும், முதலில் பூஞ்சை வரும்.

காற்றுப் புகாத டப்பாவில், தண்ணீர் சேர்க்காத உருண்டைகள் வெளியில் ஐந்தாறு நாள் இருக்கும். வெக்கையான காலத்தில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று வாரம், ஃப்ரீசரில் மூன்று மாதம். அடுக்குகளுக்கு நடுவே பட்டர் பேப்பர் போடுங்கள். ஃப்ரிட்ஜில் மூடாமல் வைத்தால் பக்கத்திலிருக்கும் வெங்காய வாசனையை நட்ஸின் எண்ணெய் அப்படியே இழுத்துக்கொள்ளும்.

ஃப்ரீசரிலிருந்து எடுக்கும்போது டப்பாவைத் திறக்காமல் வெளியில் வைத்து, குளிர் விட்ட பிறகு திறங்கள். குளிர்ந்த உருண்டையின் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்தால் மேல்பூச்சு நமத்துப்போகும், பூஞ்சைக்கும் அது வழி. ஒன்றிரண்டு மட்டும் உடனே வேண்டுமென்றால் அவற்றை எடுத்துக்கொண்டு டப்பாவைச் சட்டென்று மூடி உள்ளே வைத்துவிடுங்கள். சர்க்கரை மிகுதியாக இருப்பதால் இவை கல்லாக உறைவதில்லை, வெளியில் வைத்த பத்து நிமிடத்தில் கடிக்கும் பதத்துக்கு வந்துவிடும்.